கைவிரல் விறைப்பும் ஸ்பொஞ்ச் உறையும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஆரையம்பதி, விவசாயப் போதனாசிரியர்

குருக்கள்மடம் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) வரும்வரை காத்து நின்ற ஒரு காலையில், என் ஹெல்மெட் பட்டியை என்னால் கழற்ற முடியவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொளுக்கியைத் தொடுகின்றன; தொட்டது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "கை விறைத்துவிட்டதா, மகன்?" என்று கேட்டுத் தானே கழற்றிவிட்டார்.

எனக்கு வேலை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். போகும்போது பாதையில் வாவியைக் கடந்து அம்பிளாந்துறை. வட்டைகளை (வயல்வெளிகளை)ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொக்கட்டிச்சோலை வழியாக மண்முனைப் பாலம். தார் வீதி கொஞ்சம், கிறவல் (சரளை) அதிகம். நாளொன்றுக்கு 60 கிலோமீற்றருக்குக் குறையாது. வண்டி 100 சிசி, ஒற்றைச் சிலிண்டர், பத்து வருடம் ஓடியது. வேகம் 50ஐத் தாண்டியதும் ஹாண்டிலில் மெல்லிய நடுக்கம் தொடங்கும், உள்ளங்கைக்குள் வண்டு ஒன்றைப் பொத்திப் பிடித்திருப்பது போல.

கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் சொல்லித்தான் கைபிடியின் மேல் ஏற்றும் கறுப்பு ஸ்பொஞ்ச் உறை ஒரு சோடி வாங்கினேன். முதல் வாரம் உண்மையிலேயே சுகமாக இருந்தது. கிறவல் பாதையின் அடி உள்ளங்கையில் குத்தாமல் அமுங்கிப் போனது. வீட்டுக்கு வந்து பேனா பிடித்தால் எழுத்து நடுங்கவில்லை. இத்தனை வருடம் ஏன் வாங்காமல் இருந்தேன் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

இரண்டாவது வாரம் மண்முனைப் பாலத்துக்குக் கிட்ட, முன்னால் ஓர் உழவு இயந்திரம் நெல் மூட்டைகளோடு மெதுவாகப் போனது. அக்சிலேற்றரை விட்டேன். எஞ்சின் சத்தம் இறங்கவில்லை. கை விட்ட பிறகும் கைபிடி திரும்பி வரவில்லை. கிளச்சைப் பிடித்து, பிரேக்கை அழுத்தி, சாவியை அணைத்து, வீதியோரப் புல்லில் நிறுத்தினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்த்தால், வலதுபக்க உறை உள்பக்கமாக நகர்ந்து சுவிட்ச் பெட்டியோடு முட்டி மடிந்து, ஆப்பு வைத்தது போல் இறுகியிருந்தது. கையின் அழுத்தம் நாளுக்கு நாள் அதை உள்ளே தள்ளியிருக்கிறது. நான் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

அன்று மாலை பிளேட்டால் இரண்டு முனையையும் வெட்டினேன். சுவிட்ச் பெட்டிக்கும் உறைக்கும் நடுவில் இப்போது இரண்டு நெருப்புக்குச்சி நுழையும் இடைவெளி இருக்கிறது. வலதுபக்க உறை அக்சிலேற்றரோடு சேர்ந்து சுழல வேண்டிய ஒன்று. அது எதையும் தொடக் கூடாது. இடதுபக்கம் முட்டினாலும் பெரிய ஆபத்தில்லை, வலதுபக்கம் முட்டினால் உயிர் போகும். உறை போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போய்ப் பாருங்கள். ஹாண்டிலை இடது எல்லைக்கும் வலது எல்லைக்கும் திருப்பி, இரண்டு இடத்திலும் அக்சிலேற்றரை முறுக்கி விடுங்கள். "டக்" என்று தானாகத் திரும்ப வேண்டும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். நான் கேட்க விரும்புவது இதுதான்: விறைப்பு முழுமையாகப் போனவர்கள் யாரும் இருக்கிறீர்களா? எனக்குப் பாதிதான் போயிருக்கிறது.


திருக்கோவில், குடும்பநல உத்தியோகத்தர்

அண்ணன், எனக்கு உறை நல்லது செய்யவில்லை, முதலில் கெடுதல்தான் செய்தது. நான் ஓட்டுவது ஸ்கூட்டர். இரண்டு பிரேக்கும் கையில்தான். என் கை சிறியது. உறை போட்டதும் கைபிடி தடித்துவிட்டது. பிரேக் லீவர் எட்டவில்லை. விரல் நுனியால் கொளுவி இழுக்க வேண்டியிருந்தது. விநாயகபுரம் சந்தியில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. நாய் தப்பியது, நானும் தப்பினேன்.

பிள்ளைகளின் மேற்கைச் சுற்றளவு அளக்கும் நாடா என் பையில் எப்போதும் இருக்கும். அன்று பின்னேரம் அதை எடுத்துக் கைபிடியைச் சுற்றி அளந்தேன். உறை இல்லாமல் 10 சென்ரிமீற்றர். உறையோடு 13ஐத் தாண்டியது. ஸ்பொஞ்சின் தடிப்பு 5 மில்லிமீற்றர்தான் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் அது மேலேயும் 5, கீழேயும் 5. குறுக்களவு 32 இலிருந்து 42 ஆகிவிடுகிறது. பெண்களுக்கும் கை சிறிய ஆண்களுக்கும் இது பெரிய வித்தியாசம். தடித்த பிடியை இறுக்கிப் பிடிக்க இன்னும் அதிகம் பலம் வேண்டும், அதனால் கை முன்னையவிடக் களைக்கும்.

பிறகு 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உறையைத் தேடி வாங்கினேன். அது பொருந்தியது. கைபிடியைச் சுற்றிப் பிடித்தால் பெருவிரல் நுனி நடுவிரல் நகத்தையாவது தொட வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு.

இன்னொன்றும் எழுத வேண்டும். விறைப்பு எந்த விரலில் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் விறைத்தால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவில் போகும் வேறு நரம்பு. கர்ப்பிணித் தாய்மார் பலர் இரவில் கை விறைத்து எழும்புவதாகக் கிளினிக்கில் சொல்வார்கள். அது இந்த இரண்டாவது நரம்புதான், உடம்பில் நீர் தேங்கி மணிக்கட்டுக்குள் இடம் குறைவதால் வருவது. வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிடங்களில் போகும் விறைப்பு வேறு. இரவிலும் இருந்தால், கையில் பொருள் நழுவினால், உறையை மாற்றிக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். நாள்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள் அண்ணன், உங்கள் கதையில் அந்த ஹெல்மெட் கொளுக்கி எனக்குக் கவலையாக இருக்கிறது.


சாய்ந்தமருது, மீன் வியாபாரம்

தம்பி, எங்கள் தொழிலுக்கு ஸ்பொஞ்ச் சரிவராது. விடியச் சுபஹுக்குப் பிறகு கரையில் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டுக் காரைதீவுச் சந்தியால் அம்பாறைப் பக்கம் போவேன். கை எப்போதும் ஈரம். மூன்றாம் நாள் உறையைப் பிழிந்தால் உப்புத் தண்ணீர் ஒழுகியது. நாற்றம் சொல்லத் தேவையில்லை. அதைவிட மோசம், உள்ளே ஈரம் இறங்கி இடதுபக்க உறை கைக்குள் உருளத் தொடங்கியது. பின்னால் 50 கிலோ பாரத்தோடு அது விளையாட்டில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு துண்டைத் தண்ணீர்க் கோப்பைக்குள் அமுக்கி விட்டுப் பாருங்கள். தண்ணீரைக் குடித்துப் பாரமானால் அது உடம்பு கழுவும் ஸ்பொஞ்ச் மாதிரி. வேண்டாம். மிதந்து மேலே வந்து, துடைத்ததும் காய்ந்தால் நல்லது. குடிக்காத வகையும் இருக்கிறது, கொஞ்சம் விலை.

நான் இப்போது பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஏற்றியிருக்கிறேன். மென்மை குறைவு, ஆனால் வழுக்காது, மணக்காது.


செங்கலடி, கராஜ்

மேலே எழுதிய எல்லோருக்கும் ஒரு மூத்தவனாகச் சொல்கிறேன். என்னிடம் "பாஸ், கை விறைக்கிறது, ஸ்பொஞ்ச் போட்டுத் தாருங்கள்" என்று வருபவர்களின் வண்டியை நான் முதலில் ஸ்பானரோடுதான் பார்ப்பேன். எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நட்டுகளில் ஒன்று இளகியிருக்கும். அல்லது செயின் தொங்கும். அல்லது ரயரில் காற்று கல் போல ஏற்றியிருக்கும். நடுக்கம் பிறக்கும் இடத்தை விட்டுவிட்டு அது வந்து சேரும் இடத்தில் பஞ்சு வைத்து என்ன பலன்?

ஹாண்டிலின் இரண்டு முனையிலும் ஒரு இரும்புக் குண்டு இருக்கிறதே, அதை அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறார்கள். விழுந்து உடைந்தால் திரும்பப் போடுவதில்லை. அந்தப் பாரம்தான் குழாயின் நுனி அதிர்வதை அமத்துகிறது. ஒருபக்கம் குண்டு இல்லாத வண்டியில் அந்தக் கைதான் அதிகம் விறைக்கும். இதை நான் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். குண்டைப் போட்ட பிறகு சிலருக்கு உறையே தேவைப்படவில்லை.

ஆனாலும் உறையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிறவலில் ஓடுபவர்களுக்கு அது நன்மைதான். போடும் முறையில்தான் பிழை விடுகிறார்கள். உள்ளே ஏறவில்லை என்று எண்ணெய் பூசுவார்கள். எண்ணெய் காயாது, மாதக் கணக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும். பழைய கைபிடியைத் துணியால் நன்றாகத் துடைத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒரே மூச்சில் தள்ளி ஏற்றிவிட்டு ஓர் இரவு வண்டியைத் தொடாமல் விடுங்கள். கைபிடியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் ஸ்பொஞ்ச் கைபிடி போடுவதென்றால் இரண்டும் ஒரே அளவு அல்ல என்பது நினைவில் இருக்கட்டும். இடதுபக்கம் 22 மில்லிமீற்றர் குழாய். வலதுபக்கம் அதன்மேல் சுழலும் பிளாஸ்டிக் குழல் இருப்பதால் கொஞ்சம் தடிப்பு. இடதை வலதில் மாற்றி ஏற்ற முயன்று கிழித்தவர்கள் உண்டு.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நிறுத்தி வைத்தால் ஸ்பொஞ்ச் காய்ந்து தூளாக உதிரும். கையில் கறுப்புப் பொடி ஒட்டத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.


ஏறாவூர், பல்கலைக்கழக மாணவன்

நண்பர்களோடு பொத்துவில் போய் வந்தேன். ஒருவழி 100 கிலோமீற்றருக்கு மேல். உறை இருந்தும் அக்கரைப்பற்று தாண்டும்போதே கை விறைத்துவிட்டது. திரும்பும்போது கூட வந்த காக்கா (அண்ணன்) ஒருவர், "நீ ஹாண்டிலை மரக்கட்டை போல விறைத்துப் பிடித்திருக்கிறாய், முழங்கையை இளக்கு" என்றார். முழங்கையைச் சற்று மடித்து, முட்டையைப் பிடிப்பதைப் போலப் பிடித்து ஓட்டினேன். நிந்தவூரிலும் கல்முனையிலும் இறங்கித் தேநீர் குடித்தோம். வீடு வரும்வரை விறைப்பு வரவில்லை.


ஆரையம்பதி, விவசாயப் போதனாசிரியர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். செங்கலடி அண்ணன் சொன்னபடி பார்த்தேன். என் வண்டியின் வலதுபக்கக் குண்டு இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னர் வெள்ளத்தில் சறுக்கி விழுந்ததில் போனது, நான் மறந்தே போய்விட்டேன். எஞ்சின் நட்டு ஒன்றும் முக்கால் சுற்று இளகியிருந்தது. இரண்டையும் சரிசெய்து, மெல்லிய உறையை இடைவெளி விட்டுப் போட்ட பிறகு, 50இல் வந்த நடுக்கம் இப்போது 65இல்தான் வருகிறது. நான் அந்த வேகத்தில் ஓடுவது அபூர்வம்.

திருக்கோவில் தங்கச்சி, வைத்தியரிடமும் போனேன். நரம்பில் பெரிய பாதிப்பில்லை, ஆனால் உள்ளங்கை அடியை ஊன்றி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். மோதிரவிரல் சரியாகிவிட்டது. சுண்டுவிரல் நுனியில் இன்னும் கொஞ்சம் மரத்த உணர்வு இருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஸ்பொஞ்சைக் கழற்றி வைக்கப்போகிறேன். சாய்ந்தமருதுக் காக்கா, அந்த ரியூப் எந்த அளவு? எப்படி ஏற்றினீர்கள்?


சாய்ந்தமருது, மீன் வியாபாரம்

28 அங்குலச் சைக்கிள் ரியூப், தம்பி. வால்வு இல்லாத பக்கம் வெட்டுங்கள். கைபிடியைவிட ஒடுக்கமாக இருக்கும், அதுதான் தேவை. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து இழுத்தால் ஏறி இறுகிக்கொள்ளும். வலதுபக்கம் உங்கள் இரண்டு நெருப்புக்குச்சி இடைவெளியை விட மறக்க வேண்டாம். என்னுடையதையும் நேற்று வெட்டிக் குறைத்தேன்.