சீரத்தில் ஈயம் இல்லை என்று ரிப்போர்ட்: நம்பலாமா?

வர்த்தூர்_பண்ணை:
எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு, ஏழெட்டு மாசமா ஏரிக்கரைப் புல்தான் தீனி. புல் அறுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஈயத் தகடு இருக்கிற பழைய யூபிஎஸ் பேட்டரி உடைக்கிறாங்க. பால் குறைஞ்சிருக்கு, கண்ணிமை உட்புறம் வெளுத்திருக்கு, ஹீமோகுளோபின் 7.2. சீரத்தில் (ரத்தம் உறைஞ்சபிறகு பிரியுற தெளிநீரில்) ஈயம் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அத்தோட விட்டுடலாமா டாக்டர்?

ஹெப்பாள்_கால்நடை:
விடாதீங்க. ரத்தத்தில் இருக்கிற ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல சிவப்பணுவோடதான் ஒட்டியிருக்கும். சீரம் பிரிக்கும்போது உறைகட்டியோட அது போயிடும். முழு ரத்தம் வேணும். கழுத்தில் ஊசி போடுற இடத்தை நல்லாக் கழுவித் துடைங்க. தோல் தூசியில இருக்கிற ஈயமே அளவைக் கூட்டிக் காட்டும். ரத்தம் உறையாம வைக்கிற ஊதா மூடி ஈடிடிஏ டியூபில் எடுத்து, எட்டுப் பத்து தடவை மெதுவாக் கவிழ்த்துக் கலக்குங்க. ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினா நஞ்சேறியதுன்னே எடுத்துக்கணும். 10க்கும் 35க்கும் நடுவில் வந்தா, எங்கிருந்தோ உள்ளே போயிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஸ்லைடு_பார்ப்பவர்:
லேபில் ஜிங்க் புரோட்டோபார்ஃபிரின் டெஸ்டும் கேளுங்க. ஹீம் (ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிற பகுதி) உருவாகும்போது இரும்பைச் சேர்க்கிற நொதியை ஈயம் முடக்கிடும், அந்த இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்துக்கும். மாட்டுச் சிவப்பணு 130 முதல் 160 நாள் வரை வாழும். பழைய அணுக்கள் போய்ப் புதுசு வர வர மெதுவாத்தான் இந்த அளவு ஏறும். போன வாரம் தின்ன ஈயத்தை இது காட்டாது. உங்க மாடு மாசக்கணக்கில் தின்னிருக்கு, அதனால பொருந்தும்.

ஸ்மியரை (மைக்ரோஸ்கோப்பில் பார்க்க மெல்லிசாத் தேய்க்கிற ரத்தத்தை) ஊசி முனையிலிருந்தே ஸ்லைடில் இழுங்க. ஈயத்தால சிவப்பணுவில் தெரியுற நீலப்புள்ளிகள், ஈடிடிஏவில் கிடந்த ரத்தத்தில் மங்கிடும். ஆனா புள்ளி தெரிஞ்சதுமே ஈயம்னு எழுதிடக் கூடாது. மாட்டுக்கு ரத்தசோகையிலிருந்து தேறும்போதும் அதே புள்ளி வரும். கலப்பின மாடுங்கறதால அதே ஸ்லைடில் உண்ணி பரப்புற ரத்தக் கிருமிகளான தைலேரியா, அனாபிளாஸ்மா இருக்கான்னு முதல்ல தேடுங்க. 7.2க்கு அதுகூடக் காரணமா இருக்கலாம்.

ஹெப்பாள்_கால்நடை:
சரியாச் சொன்னீங்க. ஏரிப்புல்னா காட்மியம்ங்கற இன்னொரு நச்சு உலோகத்தையும் சந்தேகப்படணும். அது சிறுநீரகத்தில் தேங்கும், அதனால சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துடுங்க.

ஈயம் உறுதியானா முதல்ல தீனியை மாத்தணும். பேட்டரித் தகட்டுத் துண்டு தேன்கூட்டு வயிற்றில் (மாட்டோட ரெண்டாவது இரைப்பையில்) தங்கி மாசக்கணக்கில் கரையும். ஈயம் காந்தத்தில் ஒட்டாது, காந்தம் விழுங்க வைச்சுப் பயனில்லை. ஈயத்தைப் பிடிச்சு வெளியேத்துற மருந்து கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ: கிலோவுக்கு நாளைக்கு 73 மில்லிகிராம், ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சு, ரத்தக்குழாயில் மெதுவா, 3 முதல் 5 நாள், தயமினும் (வைட்டமின் பி1) சேர்த்து. கடையில் வாங்கும்போது 'கால்சியம்' என்ற சொல் பாட்டிலில் இருக்கான்னு பாருங்க. வெறும் டைசோடியம் ஈடிடிஏ ஏத்தினா ரத்தத்துக் கால்சியத்தைப் பிடிச்சுக்கும், மாடு படுத்துடும்.

வர்த்தூர்_பண்ணை:
நாளைக்கே முழு ரத்தம் அனுப்புறேன். அதுவரைக்கும் பாலைக் கன்றுக்கு விடலாமா?

ஹெப்பாள்_கால்நடை:
வேண்டாம். பால்குடிக் கன்றோட குடல் பெரிய மாட்டைவிட அதிகமா ஈயத்தை உறிஞ்சும். வேற மாட்டுப் பால் கொடுங்க. இந்தப் பாலை விக்கவும் வேண்டாம். பாலில் ஈயத்துக்கு அனுமதி கிலோவுக்கு 0.02 மில்லிகிராம்தான், அதையும் தனியா அளந்து பார்த்தபிறகுதான் சொல்ல முடியும்.