ரைசன் 5 5600 + பி450 போர்டு: ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

போன வாரம் அசெம்பிள் பண்ண பட்ஜெட் கேமிங் பிசி. முதல் பூட்டிலிருந்தே மானிட்டரில் சிக்னல் இல்லை, போர்டில் சிபியு எல்இடி (பிராசஸரில் சிக்கல்னா எரியும் விளக்கு) அணையவே மாட்டேங்குது.

ரைசன் 5 5600 சிபியு, பி450 மதர்போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை.

ஒற்றை ரேம் போட்டுப் பார்த்தாச்சு, சிமாஸ் கிளியர் (போர்டு செட்டிங்ஸை ரீசெட்) பண்ணியாச்சு, 8 பின் சிபியு பவரும் சரியா இருக்கு. 5600-ல் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் எச்டிஎம்ஐ கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் மாட்டியிருக்கேன். கார்டும் ரேமும் வேறு பிசியில் நல்லா ஓடுது.

சந்தேகம் பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் சாஃப்ட்வேர்) மேல்தான். பயாஸ் இருக்கும் சிப்பின் ஸ்டிக்கரில் 2019 வெர்ஷன். ரைசன் 5000 சீரிஸ் வந்ததே 2020 நவம்பரில். சாக்கெட் ஏஎம்4-ஆக இருந்தும் பழைய பயாஸுக்கு இந்த சிபியுவைத் தெரியாது. சிபியு இல்லாமலே பயாஸ் அப்டேட் பண்ணும் ஃபிளாஷ்பேக் பட்டன் போர்டில் இல்லை, போட்டு அப்டேட் பண்ண பழைய ரைசனும் கிடைக்கல.

பயாஸ் சிப் 1.8 வோல்ட். 1.8 வோல்ட் அடாப்டரோட சிஎச்341ஏ புரோகிராமரில் (சிப்பில் நேரடியா எழுதும் யுஎஸ்பி கருவி), சிப்பைக் கழற்றாம போர்டிலேயே புது பயாஸ் ஃபிளாஷ் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா?