மறுமொழி: இன்ஸ்ட்ருமென்ட் ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பாடகரின் மைக்கைச் சின்ன கிட்டார் ஆம்ப்பில் மாட்டிப் பாடுவது பற்றிய கையேட்டுக்காக, இன்ஸ்ட்ருமென்ட் ஆம்ப்ளிஃபயருக்கு (கிட்டார், கீபோர்டு போன்ற இசைக்கருவிகளின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்) தமிழ்ச் சொல் கேட்டு வந்த மடலையும், அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். இந்தச் சொல்லை அவசரமாக முடித்துவிட வேண்டாம் என்று தோன்றியதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> 'கருவிப் பெருக்கி' போதுமே?

போதாது ஐயா. மின்னணுவியலில் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் என்று வேறொரு மின்சுற்று இருக்கிறது. ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சிலிருந்து வரும் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கித் தருவது அதுதான். பொறியியல் படித்தவருக்குக் 'கருவிப் பெருக்கி' என்றதும் அதுதான் மனதில் வரும்.

> அப்போ 'ஒலிபெருக்கி' என்றே விட்டுவிடலாமா?

அதுவும் சரிவராது. நம் ஊரில் ஒலிபெருக்கி என்றால் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரும் மேடைப் பேச்சும்தான். பேசுகிற குரலைக் கூட்டத்தின் கடைசி ஆள்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. கிட்டார் ஆம்ப் அப்படிச் செய்யப்பட்டதல்ல. கிட்டார் கம்பியின் ஒலிக்குத் தன் நிறத்தை ஏற்றித்தான் வெளியே விடும். அந்த நிறத்தில் பாதி உள்ளே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று படுத்துவிடும். கிட்டாருக்கு அது நல்லது, ஓவர்டிரைவ் (ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது) போட்டால் எழும் கரகரப்பை மட்டுப்படுத்தும். பாடகருக்குத்தான் நஷ்டம். 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. அது போய்விட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். உச்ச ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை முழுசாகத் திருப்பினாலும், ஸ்பீக்கரால் கொடுக்க முடியாததை எங்கிருந்து கொண்டுவருவது?

ஆகவே பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது சொல்லில் தெரிய வேண்டும். என் முன்மொழிவு: பெருக்கிப்பெட்டி. சுருதிப்பெட்டி நமக்குப் பழகிய சொல், அதன் பக்கத்தில் இது இயல்பாக உட்காரும். முன்னால் அடைமொழி சேர்ப்பதும் எளிது: கிட்டார் பெருக்கிப்பெட்டி, கீபோர்டு பெருக்கிப்பெட்டி. இந்த வேறுபாடு கையேட்டுக்கு அவசியம். கீபோர்டுக்கென்று செய்த பெட்டி உச்ச ஒலிகளையும் தரும் என்பதால் குரலுக்கு எவ்வளவோ தேவலை. அகூஸ்டிக் கிட்டாருக்கான பெட்டிகள் பலவற்றில் மூன்று முனை மைக் சாக்கெட்டே இருக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு 'விரியலாக்கி' என்று எழுதிய இலங்கை நண்பருக்கு: உங்கள் பாடநூல்களில் அது நிலைத்த சொல். 'விரியலாக்கிப் பெட்டி' என்றும் கையேட்டில் ஒரு முறை குறிப்பிட்டுவிட்டால் இரு கரைக்கும் புரியும்.

இனி, யாரும் தொடாத இரண்டாவது சொல். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

> மேட்சிங் டிரான்ஸ்பார்மர் = பொருத்து மின்மாற்றி

மைக் கேபிளுக்கும் ஆம்ப்புக்கும் இடையில் மாட்டும் சின்ன டிரான்ஸ்பார்மருக்கு முன்மொழிந்த சொல் இது. இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1966-இல் வந்து இன்றும் மேடைதோறும் இருக்கும் ஷூர் எஸ்.எம்.58 மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்தடை சில நூறு ஓம். சத்தமாகப் பாடினாலும் அது தருவது சில மில்லிவோல்ட்தான். கம்பியின் அதிர்வை மின்னழுத்தமாக்கும் கிட்டார் பிக்கப் தருவது அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும். பெட்டியின் உள்ளீட்டுத் தடை ஏறத்தாழ 1 மெகா ஓம். குறைந்த தடையுள்ள மைக்கை அதிகத் தடையுள்ள உள்ளீட்டில் மாட்டுவதில் கோளாறு ஒன்றுமில்லை. வந்து சேரும் மின்னழுத்தம் போதாது, குறை அவ்வளவுதான். குமிழை ஏற்ற ஏற்ற, குரலோடு இரைச்சலும் ஹம்மும் (மின் ரீங்காரம்) சேர்ந்து ஏறும்.

அந்தச் சின்னக் குழல் வடிவ டிரான்ஸ்பார்மர் செய்வது மின்னழுத்தத்தை ஏற்றுவது. கம்பிச் சுற்றுகளின் விகிதம் 1:10 என்றால் 2 மில்லிவோல்ட் 20 ஆகிறது, கூடவே தடை 100 மடங்காகத் தெரிகிறது. இதற்குப் பள்ளிப் பாடநூலிலேயே சொல் இருக்கிறது: ஏற்று மின்மாற்றி. மைக் ஏற்று மின்மாற்றி என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு காரணமும் உண்டு. மைக் செட் தொழிலில் 'மேட்சிங்' என்றால் 100 வோல்ட் லைனில் குழாய் ஸ்பீக்கரை இணைக்கும் டிரான்ஸ்பார்மர். அது இறக்கு மின்மாற்றி, நேர் எதிர் வேலை. 'பொருத்து' என்று எழுதினால், கையேட்டை நம்பிக் கடைக்குப் போகிறவர் அதை வாங்கி வந்துவிடுவார்.

'ஃபீட்பேக்'குக்குப் 'பின்னூட்டம்' மின்சுற்றுக் கணக்குகளில் இருக்கட்டும். மேடையில் மைக் கத்துவதற்கு ஊளை போதும்.

> கிட்டார் ஆம்ப்பில் மைக் மாட்டுவதே தவறு என்று எழுதிவிடலாமே?

எழுதக் கூடாது. 1950-களின் ஃபெண்டர் டீலக்ஸ் கிட்டார் பெட்டிகளில் 'மைக்' என்று பெயர் பொறித்த துளைகளே உண்டு. சிகாகோவில் ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டர் ஹார்மோனிகாவையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி, பெட்டியைத் திணறவைத்து வாசித்த ஒலியைத்தான் ப்ளூஸ் ரசிகர்கள் இன்றும் தேடிப் போகிறார்கள். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்லிக்கொடுப்போம், தடை போட வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். கையேட்டுக்கு ஒரு மாதிரி:

"பெருக்கிப்பெட்டியின் கெயினைக் குறைத்து, வால்யூமை ஏற்றுங்கள். மைக் ஏற்று மின்மாற்றியைக் கேபிளின் பெட்டிப் பக்க முனையில் மாட்டுங்கள். மைக் பக்கம் மாட்டினால் நீளக் கேபிள் ஹம்மை வாரிக்கொள்ளும். பெட்டி மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள், ஊளை வரும். 48 வோல்ட் தேவைப்படும் கண்டென்சர் மைக் இதில் வேலை செய்யாது."

மாற்றுச் சொல் தருகிறவர்கள் இதே பத்தியில் பொருத்தி எழுதி அனுப்புங்கள். 'கெயின்', 'வால்யூம்' இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன், அவற்றுக்குத் தனி இழை தொடங்கலாம்.

அன்புடன்.