பழைய வீட்டு அட்டாலிக்கு இரும்பு ஐ பீம்: மண் சாந்துச் சுவர் தாங்குமா?

கோபி வாய்க்கால்கரை (கேள்வி)

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி அப்பாவின் ஓட்டு வீடு இருக்கிறது. நடு அறை உள்ளளவு 12 அடிக்கு 16 அடி. மேலே பனை விட்டம் போட்டு, பலகை பரப்பிய அட்டாலி. தாத்தா காலத்திலிருந்து மஞ்சள் மூட்டை வைப்பது அங்கேதான். இப்போது விட்டங்களைக் கரையான் அரித்துவிட்டது. ஒரு விட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை உள்ளே போகிறது.

வீட்டை இடிக்க அப்பாவுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. மேஸ்திரி 5 அங்குல கான்கிரீட் தளம் போடலாம் என்கிறார். வெல்டிங் பட்டறைக்காரர், 6 அங்குல ஐ பீமை 16 அடி நீளவாக்கில் போட்டு டெக் ஷீட் (மேலே கான்கிரீட் கொட்டுவதற்கான மடிப்பு வைத்த இரும்புத் தகடு) விரிக்கலாம் என்கிறார். அகலவாக்கில் போட்டால் ஒரு பக்கம் ஜன்னல் வருகிறதாம். சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் செம்மண் சாந்தும். மேலே பையன் படிக்க ஒரு மூலை, மீதி இடத்தில் மூட்டை. எதை நம்புவது?

பெருந்துறை பட்டறை

அம்மிணி, நான் பல வருஷமாகப் பேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். இந்த வேலைகளில் பீம் உடைந்து நான் பார்த்ததில்லை. தொய்ந்து, அதிர்ந்து, தரை ஓடு விரிசல் விட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் எந்தப் பக்கமாகப் போடுவது என்று முடிவு பண்ணுங்கள்.

6 அங்குல ஐ பீம் என்பது ஐ.எஸ்.எம்.பி. 150, அதாவது இந்தியத் தர அளவில் 150 மில்லிமீட்டர் உயரப் பீம். மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. இதை 3 அடிக்கு ஒன்றாக வைத்து, டெக் கான்கிரீட், தரை, ஆள் புழங்கும் பாரம் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்குப் போட்டால், 12 அடியில் நடுவில் 7 மில்லிமீட்டர் தொய்யும். அதே பீம், அதே பாரம், 16 அடியில் 23 மில்லிமீட்டர். நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, தொய்வு மூன்று மடங்குக்கு மேல் போகிறது. நீளத்தின் நான்காம் அடுக்கில் தொய்வு ஏறும், அதுதான் காரணம். இரும்புக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதிப்படி, விரிசல் விடக்கூடிய தரைக்கு நீளத்தை 360-ஆல் வகுத்து வருவதுதான் எல்லை. 16 அடிக்கு அது பதிமூன்றரை மில்லிமீட்டர். ஆகவே அந்தப் பட்டறைக்காரர் சொன்னபடி செய்யாதீர்கள். 16 அடிதான் வேண்டுமென்றால் 8 அங்குல பீம் வாங்குங்கள். எடை மீட்டருக்கு 25 கிலோ, விறைப்பு மூன்று மடங்கு. என்னைக் கேட்டால் 12 அடி வாக்கில் போட்டு, ஜன்னலுக்கு மேல் பாரத்தைத் தாங்கச் சரியான லிண்டல் (குறுக்கு விட்டம்) கொடுப்பதே மேல்.

5 அங்குல கான்கிரீட் தளம் மட்டும் சதுர மீட்டருக்கு 310 கிலோ வரும். டெக் ஷீட்டோடு மொத்தம் 4 அங்குலம் போட்டால், பள்ளம் மேடு கழித்து, பீமையும் சேர்த்து 210 கிலோதான். உங்கள் அறைக்கு மட்டும் கிட்டத்தட்ட 1.8 டன் மிச்சம். பழைய சுவருக்கு இது பெரிய விஷயம். சென்ட்ரிங் முட்டு கொடுத்து வாரக்கணக்கில் வீட்டை அடைத்து வைக்கவும் வேண்டாம்.

வாங்கும்போது எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். 20 அடி நீள ஐ.எஸ்.எம்.பி. 150 ஒன்று 90 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். 75, 78 என்று காட்டினால் அது மெலிசாக உருட்டிய சரக்கு. மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஈரோடு சிவில்

அண்ணன் சொன்ன தொய்வுக் கணக்கு சரி. ஆனால் இரண்டு இடத்தில் நான் வேறு மாதிரி சொல்வேன்.

முதலாவது பாரம். அந்த 500 கிலோவில் ஆள் புழங்குவதற்கான பங்கு 200 கிலோதான். கட்டடப் பாரங்களுக்கான ஐ.எஸ். 875 விதியில் வீட்டு அறைக்கு உள்ள அளவு அது. மஞ்சள் மூட்டை 60 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், 2 அடிக்கு 3 அடி இடத்தில் ஐந்து அடுக்கினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டிவிடும். கிடங்குக்கு அந்த விதி கேட்பது குறைந்தது 750 கிலோ. நல்ல விலை வரட்டும் என்று வருஷக்கணக்கில் சரக்கை வைத்திருப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தப் பாரம் ஒரு நாள் வந்துபோவதில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கும். மூட்டை எவ்வளவு என்று தெரியாமல் பீம் அளவைச் சொல்லவே கூடாது.

இரண்டாவது சுவர். வீட்டுப் பாரத்துக்கே ஒவ்வொரு பீம் முனையிலும் 800 கிலோவுக்கு மேல் இறங்கும். 3 அங்குல அகலப் பீம் 6 அங்குலம் சுவருக்குள் உட்கார்ந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம். மண் சாந்துக் கட்டு அதை வாங்காது, செங்கல் நொறுங்கி பீம் இறங்கும். அடியில் 12 அங்குலத்துக்கு 9 அங்குலக் கான்கிரீட் பெட் பிளாக் (பாரத்தைப் பரப்பும் கட்டை) வைத்தால், அழுத்தம் ஆறில் ஒரு பங்காகும். வெறும் அறைக்கு அது போதலாம். மூட்டைக்கு நான் சுவரை நம்ப மாட்டேன். 16 அடிச் சுவர் இரண்டையும் ஒட்டி உள்பக்கம் பக்கத்துக்கு மூன்று இரும்புத் தூண், தூண்மேல் நீள பீம், அதன்மேல் 12 அடி பீம்கள். சுவர் தன் ஓட்டுக் கூரையை மட்டும் சுமக்கட்டும். ஜன்னல் பிரச்சினையும் தீர்ந்தது. தூண் இடைவெளியை ஜன்னலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

கோபி வாய்க்கால்கரை

ரொம்ப நன்றிங்க. மூட்டை நாற்பது வரை அடுக்குவோம், ஐந்து அடுக்காகத்தான். ஒரு சந்தேகம்: வாய்க்காலில் ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் விட்டதும் எங்கள் கிணறு ஏறும், சுவரின் அடியில் ஒரு முழத்துக்கு ஈரம் ஊறும். தூணுக்குக் குழி பறிக்கலாமா? இரும்பு துருப்பிடிக்காதா?

சென்னிமலை மாடிவாசி

எங்கள் தறிக்கூடத்தின் மேல் இதே மாதிரி தளம், ஆனால் கான்கிரீட் இல்லாமல் 18 மில்லிமீட்டர் சிமெண்ட் ஃபைபர் போர்டு. எடை ரொம்பக் குறைவு, வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் மேலே குழந்தை ஓடினால் கீழே பேச முடியாது, சொம்புத் தண்ணீர் அலை அடிக்கும். பையன் படிக்கிற இடம் என்றீர்கள், அதனால் சொல்கிறேன்: செலவு பார்க்காமல் டெக் கான்கிரீட்டே போடுங்கள்.

ஈரோடு சிவில்

குழியைத் தண்ணீர் விடுவதற்கு முன்னால், ஏப்ரல் மே மாதத்தில் முடித்துவிடுங்கள். ஆறு குழியையும் ஒரே நேரத்தில் பறிக்க விடாதீர்கள். ஒன்றைப் பறித்து, கான்கிரீட் போட்டு இறுகின பிறகு அடுத்தது. பழைய கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே எந்தக் குழியும் போகக் கூடாது, போனால் சுவர் குழிக்குள் சரியும். அங்கே மண் எப்படி என்று நேரில் பார்த்துத்தான் அடித்தள அளவு சொல்ல முடியும். உள்ளூர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை ஒரு முறை கூட்டிவந்து காட்டிவிடுங்கள். நாற்பது மூட்டையையும் சொல்லுங்கள்.

பெருந்துறை பட்டறை

நாற்பது மூட்டை என்றால் தம்பி சொன்னபடி தூண்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். மூட்டை வருகிற பக்கம் பீம்களை 2 அடிக்கு ஒன்றாக நெருக்கினால் ஐ.எஸ்.எம்.பி. 150 போதுமா, 200 வேண்டுமா என்று இன்ஜினியர் சொல்லட்டும்.

துருவுக்கு: தூண் அடித் தகடு தரை மட்டத்தில் இருக்கவே கூடாது. தரையைக் கழுவுகிற தண்ணீர் தகட்டுக்கும் தூணுக்கும் இடையே வெல்டிங் ஓரத்தில் நின்று தின்றுவிடும். தரைக்கு மேல் 4 அங்குலம் கான்கிரீட் பீடம் எழுப்பி, அதன்மேல் தகட்டை வைத்து போல்ட் போடுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுத்த பிறகுதான் ஜிங்க் பிரைமர். துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு பூசிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்.

வெல்டிங் எல்லாம் பட்டறையிலேயே முடியட்டும். வீட்டுக்குள் போல்ட் வேலை மட்டும். ஓட்டுக்குக் கீழே காய்ந்த மரச்சட்டம், பக்கத்தில் சணல் சாக்கு. டெக் ஷீட்டைப் பீமோடு சேர்க்க ஷியர் ஸ்டட் (கான்கிரீட்டுக்குள் நீட்டி நிற்கும் இரும்பு முளை) வைத்துப் பற்றவைக்கத்தான் வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னால், மூட்டைகளை முழுக்க வெளியேற்றி, தண்ணீர் வாளியோடு ஓர் ஆள் நிற்கட்டும். வேலை முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் அவர் அங்கேயே இருக்க வேண்டும். சாக்கு உள்ளுக்குள் கனிந்து பிறகுதான் பற்றும்.