ஆர்க்கிடைப்: தொல்படிமம் போதுமா?

அன்பின் குழுவினருக்கு,

உலகப் படைப்புக் கதைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே வரியில் மூன்று நாட்களாக நிற்கிறேன். கடலடியிலிருந்து மண் எடுத்துவந்து உலகத்தை உண்டாக்கிய கதைகளை அடுக்கிவிட்டு, இவையெல்லாம் ஓர் ஆர்க்கிடைப்பின், அதாவது எல்லா மனித மனத்திலும் பொதுவாக இருக்கும் ஒரு மூல அமைப்பின், பல படிமங்கள் என்கிறார் ஆசிரியர். ஆர்க்கிடைப்பைத் தொல்படிமம் என்று சொல்லும் நம் வழக்கப்படி எழுதினால் "ஒரே தொல்படிமத்தின் பல படிமங்கள்" என்று வருகிறது. படிப்பவர் என்னைத்தான் திட்டுவார். ஆழ்படிமம் என்று மாற்றினாலும் அதே கதிதான்.

சிக்கல் என் வரியில் மட்டும் இல்லை. 1919-இல் இந்தச் சொல்லைக் கையாளத் தொடங்கிய உளவியலாளர் யுங், ஆர்க்கிடைப் வேறு, அது மனத்தில் எழுப்பும் படிமம் வேறு என்று பின்னாளில் வற்புறுத்திச் சொன்னார். முதலாவதற்கு உருவமே கிடையாது. தாய்க்கரைசலில், அதாவது படிகம் பிரிந்து வரும் கரைசலில், படிகம் வளரும்போது அதன் அமைப்பை முன்கூட்டியே நிர்ணயிக்கும் அச்சுகளை அவர் உவமை காட்டுகிறார். அந்த அச்சுகளைத் தனியே எடுத்துக் காட்ட முடியாது. உருவமே இல்லாததைப் 'படிமம்' என்று எப்படி அழைப்பது?

கிரேக்கத்தில் ஆர்க்கே என்றால் தொடக்கம், டைப்போஸ் என்றால் அடித்துப் பதித்த தடம், அச்சு. தமிழில் வெல்லம் வார்ப்பதும் அச்சு, வண்டிச் சக்கரம் சுழல்வதும் அச்சு, கணிதத்தில் வருவதும் அச்சு. கிரேக்க வேரும் யுங்கின் உவமையும் ஒரே தமிழ்ச் சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கும்போது விடலாமா? எனவே என் பரிந்துரை: தொல்லச்சு. தொல்லை என்று காதில் விழுவது தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளன்

*

அன்புள்ள தம்பி,

தொல்லை என்று விழுந்தாலும் பரவாயில்லை. எனக்குத் தொல்லச்சு என்றதும் 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற பழைய தமிழ் நூல்தான் நினைவுக்கு வருகிறது. பழைய அச்சு நூல்களைத் தேடுபவர்கள் உங்கள் கட்டுரையில் வந்து ஏமாறுவார்கள். அச்சை விடாதீர்கள், 'தொல்'லை விடுங்கள். கருவச்சு என்று வைத்துப் பாருங்கள். மூலம் என்ற பொருளும் கிடைக்கிறது, இனிமேல்தான் உருவாகப்போகிறது என்ற பொருளும் கிடைக்கிறது.

ஆனால் உங்கள் ஆசிரியரோடு எனக்கு வேறொரு வழக்கு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் நாட்டார் வழக்காறு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இந்த மண் எடுக்கும் கதை எங்கெங்கே கிடைக்கிறது? சைபீரியாவில் நீர்ப்பறவை மூழ்குகிறது. வட அமெரிக்காவில் இரோக்குவா மக்களிடம், வானிலிருந்து விழுந்த பெண்ணுக்காக நீரெலி போன்ற சிறு பிராணி மூழ்கி, ஆமை முதுகில் மண்ணை வைக்கிறது. செரோக்கி மக்களிடம் நீர்வண்டு. பல்கேரியாவில் கடவுள் ஏவ, சாத்தானே மூழ்குகிறான். நம் பக்கம் சந்தால் பழங்குடியினரின் கதையில் வரும் மண்புழுவை எனக்கு மிகவும் பிடிக்கும்: அடியில் மண்ணைத் தின்று, மேலே ஆமை முதுகில் கழித்தே பூமியைச் செய்துவிடுகிறது! தைத்திரீய பிராமணம் என்ற வேத நூலில் படைப்புக் கடவுளான பிரஜாபதி பன்றியாக மூழ்கி, எடுத்த மண்ணைத் தாமரை இலையில் பரப்புகிறார். வராகத்தின் பழைய முகம் அது.

ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தேடிப் பாருங்கள். ஏறக்குறைய இல்லை. எல்லா மனித மனத்திலும் பதிந்த அச்சு என்றால் அங்கே மட்டும் ஏன் வார்க்கவில்லை? ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு நடந்து போனவர்கள் கதையையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நாட்டார் கதைகளை வகைப்படுத்திய அமெரிக்க அறிஞர் ஸ்டித் தாம்சன் தம் அடைவில் இதற்கு ஏ812 என்று எண் கொடுத்து, கதைக்கூறாகத்தான் (மோட்டிஃப், கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சிறு கூறு) வைத்திருக்கிறார். கைமாறி வந்ததைக் கதைக்கூறு என்போம். மனத்திலேயே முளைத்தது என்று வாதிடுகிற இடத்துக்கு மட்டும் உங்கள் அச்சை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பும் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

*

ஐயா,

வழக்கில் நீங்கள் வென்றுவிட்டீர்கள், எனக்குத்தான் வேலை கூடிவிட்டது. ஆசிரியர் எழுதியதை நான் திருத்த முடியாது; அவர் ஆர்க்கிடைப் என்றால் நானும் அதைத்தான் சொல்லியாக வேண்டும். உங்கள் மறுப்பை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக அடியில் சேர்க்கிறேன். 'தாய்', 'அறிவார்ந்த கிழவர்' என்று யுங்கின் ஆர்க்கிடைப்புகள் பின்னால் வரும் பகுதிக்குக் கருவச்சு தடையில்லாமல் பொருந்துகிறது.

ஒரே குறை. வரைவைப் படித்த என் மகள், "என்னப்பா, கருத்தரிப்பு மருத்துவமனைக் கட்டுரையா?" என்று கேட்டாள். கருவச்சு, மூலவச்சு இரண்டையும் எழுதி மஞ்சள் பூசி வைத்திருக்கிறேன். கோப்பைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அதற்குள் வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.