பேஸ் கிடாரின் ஆயில் ஃபினிஷ் நெக்கில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன், பிசுக்கு போகவில்லை

நாலுகம்பி:
வணக்கம். சென்னையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச், முகூர்த்த நாளில் கல்யாணக் கச்சேரி என்று பேஸ் கிடார் வாசிக்கிறேன். ஆறு மாதம் முன்பு பழைய பேஸ் ஒன்று வாங்கினேன். மேப்பிள் மர நெக் (கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி), வார்னிஷ் கிடையாது, வெறும் ஆயில் ஃபினிஷ்தான் என்று விற்றவர் சொன்னார். பின்பக்கம் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் முன்பக்கம் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஏழாவது வரை, கட்டைவிரல் ஓடுகிற இடம் மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. மழை ஆரம்பித்ததும் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு வேறு. எண்ணெய் வற்றிவிட்டது போல என்று நினைத்து, வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தேன். அன்று இரவு பளபளவென்று இருந்தது. பன்னிரண்டு நாளாகியும் காயவில்லை, கை வழுக்க வேண்டிய இடத்தில் ஒட்டுகிறது. நேற்று ஏசி ஹாலில் பெட்டியைத் திறந்தால், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு) இடுக்கில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சையா?

மரத்தூள்:
பூஞ்சை இல்லை தம்பி. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும், மார்கழிக் காலையில் பாட்டிலில் பார்ப்போமே, அதேதான். அது காயவும் காயாது. ஆளிவிதை எண்ணெய், டங் ஆயில் இரண்டும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணமில்லை, வருடம் போனாலும் எண்ணெயாகவே இருந்து அழுக்கைப் பிடிக்கும். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெயும் இந்த வேலைக்கு ஆகாது.

கம்பிகளைக் கழற்றிவிட்டு, பனியன் துணியில் மினரல் டர்பன்டைன் நனைத்துத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு, அடுப்பு வேண்டாம். துணியில் பிசுக்கு ஏறுவது நிற்கும் வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அப்புறம் டிஷ்யூ பேப்பரை நெக்கில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பேப்பரில் எண்ணெய்த் திட்டு தெரிந்தால் இன்னொரு முறை. இதில் அவசரப்பட்டால், மேலே போடும் நல்ல எண்ணெயும் சரியாக இறுகாது.

தாழ்வாரம்:
குறுக்கே வருகிறேன். முதலில் அது ஆயில் ஃபினிஷ்தானா? பளபளப்பில்லாத சாட்டின் பாலியூரிதேன் வார்னிஷும் கைக்கு அப்படியேதான் இருக்கும். தேய்ந்துபோன இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் மரம் கறுத்தால் உள்ளே போகிறது என்று அர்த்தம், உடனே துடைத்துவிடுங்கள்.

நாலுகம்பி:
கறுத்தது அண்ணா. இரண்டு தடவை துடைத்தாயிற்று, டிஷ்யூவும் சுத்தம். அடுத்து உப்புத்தாளா, ஸ்டீல் வூலா?

மரத்தூள்:
முதலில் 400, பிறகு 600 நம்பர் உப்புத்தாள். மர ரேகை ஓடும் திசையில் மட்டும், கையை அழுத்தாமல். அழுக்கு முழுதும் போக வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் நெக்கின் வடிவமே மாறிவிடும். ஸ்டீல் வூல் என்றால் நாலு சைபர் (0000) என்ற மிக மெல்லிய ரகம், ஆனால் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி) முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுத்தான். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுக்கிறதுக்குள் உயிர் போகும்.

எண்ணெய்க்கு ஹார்டுவேர் கடையில் பெயின்டர்கள் வாங்கும் பாயில்டு லின்சீட், அதாவது சீக்கிரம் இறுகும் ஆளிவிதை எண்ணெய் கேளுங்கள். சமையலுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், நாள்கணக்கில் இழுக்கும். பின்பக்கம் முழுக்க ஒரு ஸ்பூன் எண்ணெயே அதிகம்தான். தடவி, கால் மணி நேரம் விட்டு, துணியில் எண்ணெய் வருவது நிற்கும் வரை துடையுங்கள். மழைக்காலமாக இருப்பதால் அடுத்த பூச்சுக்கு இரண்டு நாளாவது விடுங்கள். மூன்று பூச்சு போதும்.

முக்கியமான விஷயம்: அந்தத் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியே தனியாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறவையுங்கள்.

கீழ்ஸ்தாயி:
எனக்கு லின்சீட் பிடிக்காது, மஞ்சளடிக்கும். மியூசிக் மேன் கம்பெனி நெக்குகளில் துப்பாக்கிக் கட்டைக்குப் போடும் கன்ஸ்டாக் ஆயிலும் மெழுகும்தான். அந்த வகை சீக்கிரம் இறுகும், கைக்கும் சுகம். என்னிடம் இருப்பது வார்விக் கம்பெனி பேஸ், அதற்குத் தேன்மெழுகு மட்டுமே. வருடத்துக்கு இரண்டு முறை பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துத் துடைத்துவிடுவேன்.

மரத்தூள்:
கிடைத்தால் அதுவே மேல். விலையும் அப்படித்தான்.

தாழ்வாரம்:
என் கிடாரில் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு (நெக்கின் முன்பக்கம் விரல் வைக்கும் பலகை), அதற்கும் லின்சீட் போடலாமா?

மரத்தூள்:
வேண்டாம், ஃப்ரெட் ஓரங்களில் கோந்தாக இறுகும். கடையில் லெமன் ஆயில் என்று விற்பதில் இரண்டு சொட்டு போதும். பெரும்பாலும் வாசனை சேர்த்த மினரல் ஆயில்தான் அது. உடனே துடைத்துவிடுங்கள். ஒருவர் எலுமிச்சம்பழத்தையே பிழிந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார், அதனால் சொல்கிறேன்.

நாலுகம்பி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். லின்சீட் மூன்று பூச்சு, மேலே கொஞ்சம் தேன்மெழுகு. கை தடையில்லாமல் ஓடுகிறது. ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குச் சாம்பல் திட்டு நின்றுவிட்டது, அதை விட்டுவிட்டேன்.

மரத்தூள்:
நல்லது. அது மரத்துக்குள் இறங்கிய வியர்வை, இருக்கட்டும். துணியை என்ன செய்தீர்கள்?

நாலுகம்பி:
மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டு விரித்தேன். அம்மா துவைத்த துணி என்று நினைத்து மடித்து வைத்துவிடப் பார்த்தார், ஓடிப்போய் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டேன்.