கரண்ட் இல்லாத சாளையில (தோட்டத்து வீட்டுல) காயும் தயிரும் கெடாம வெக்க வழி சொல்லுங்க

வெள்ளகோவில் தோட்டத்துக்காரி:
மெயின் ரோட்டுல இருந்து 4 கிலோமீட்டர் உள்ள, மேட்டாங்காட்டுல எங்க சாளை. லைன் இன்னும் இழுக்கலை. சோலார் லைட்டுக்கும் போனுக்குமே சரியாப் போகுது. காலையில பறிச்ச கீரை மத்தியானமே தொவண்டுருது, தயிர் பொழுதிறங்கறதுக்குள்ள வாயில வெக்க முடியாத புளிப்பு. பானைக்குள்ள பானை வெச்சு, நடுவுல மணல் போட்டு, சமையக்கட்டு மூலையில வெச்சேன். சில்லுன்னே ஆகலை. எங்கீங்க தப்பு?

காங்கயம் சாளைக்காரர்:
அந்த மூலைதானுங்க அம்மிணி தப்பு. ஈரம் ஆவியானாத்தான் சூட்டை இழுத்துட்டுப் போகும். காத்து படாத பானையில அது நடக்காது. திண்ணைக்குத் தூக்கிட்டு வாங்க. வெயில் மட்டும் விழக்கூடாது. எங்களுது வேப்பமரத்தடியில, மேக்கால காத்து நேரா அடிக்கற எடத்துல இருக்குது.

நைஜீரியாவுல முகமது பா அப்பாங்கற வாத்தியார் 1995 வாக்குல இந்தப் பானையைத்தான் ஊர் ஊராக் குடுத்தாரு. அங்கயும் வறண்ட காத்து, அதனால எடுபட்டுச்சு. நம்ம பக்கமும் மாசியில இருந்து ஆடி வரைக்கும் நல்லா வேலை செய்யும். போன சித்திரையில தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன்: வெளிய 38, பானைக்குள்ள 26. தக்காளி 6 நாள் கெட்டியா இருந்துது. ஐப்பசி, கார்த்திகையில காத்தே ஈரமா இருக்கும். 2 டிகிரி எறங்கறதே பெருசு.

பானைக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கக் கூடாது. மணல் ரெண்டு விரல்கிடை கனம், காலையும் சாயங்காலமும் தண்ணி, மேல நனைச்ச சணல் சாக்கு. அவ்வளவுதான்.

ஆனா என்ன தண்ணி ஊத்தறீங்கன்னு பாருங்க. எங்க மொதப் பானை 5 மாசத்துல நின்னு போச்சு. வெளிப்பக்கம் தடவுனா மாவாட்டம் வெள்ளையா கையில ஒட்டுச்சு. நாக்குல வெச்சுப் பார்த்தேன், கரிச்சுது. போர்த் தண்ணியில இருந்த உப்பு பூத்து, மண்ணுல இருக்கற பொடித் தொளையெல்லாம் அடைச்சிருச்சு. தேங்கா நாரு போட்டுத் தேச்சும் பாதிதான் மீண்டுச்சு. இப்ப ஆத்துத் தண்ணி பைப்புல வர்றன்னிக்குப் பிடிச்சு வெச்சு அதைத்தான் ஊத்தறேன்.

கறியை இதை நம்பி வெச்சுறாதீங்க. பிரிட்ஜ் 5 டிகிரிக்குள்ள இருக்கும், இது 26. பாலை ரெண்டு வேளையும் காய்ச்சீருங்க. தயிரு ஒறஞ்ச ஒடனே பானைக்குள்ள எறக்குங்க, மெதுவாத்தான் புளிக்கும்.

தாராபுரம் கீரைக்காரர்:
சந்தைக்குப் போற அளவு காய் இருந்தா பானை பத்தாதுங்க. டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க சொன்ன செங்கல் தொட்டி கட்டுங்க. ரெட்டைச் செவுரு, நடுவுல 7.5 சென்டிமீட்டர் எடம், அதுல மணல் ரொப்பி நனைக்கோணும். மேல கீத்துக் கொட்டாய் அவசியம். 100 கிலோ வரைக்கும் தாங்கும்.
எங்க அப்பத்தா வெண்ணெய்ச் சட்டியைக் கயித்துல கட்டிக் கெணத்துக்குள்ள தண்ணிக்கு மேல தொங்கவுடும். இப்பக் கெணத்துல தண்ணி எங்கீங்க இருக்குது!

வெள்ளகோவில் தோட்டத்துக்காரி:
அண்ணா, முந்தாநாளே திண்ணைக்கு மாத்தினேன். வெளிப்பானையில கை வெச்சா ஜில்லுங்குது. முந்தாநாள் பறிச்ச அரைக்கீரையை இன்னைக்குத்தான் கடைஞ்சேன், ஒரு எலை மஞ்சளாகலை. எங்க போர்த் தண்ணியும் உப்புதானுங்க. தாழ்வாரத்துல மழைத்தண்ணி பிடிக்க ஒரு டிரம்முக்குச் சொல்லியாச்சு.